இணைப்பு: குழந்தை ஒன்று

திட்டக்குடியில் ஒரு பெண் ரோட்டில் ஓடினால் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். விருத்தாசலம் பஸ் கிளம்பிவிட்டது, பள்ளிக்கூடத்தில் பிள்ளை விழுந்துவிட்டது, உறவில் யாருக்கோ முடியவில்லை. காரணம் தெரியும்வரை கடைக்காரர்கள் தலையை நீட்டிப் பார்ப்பார்கள். உடம்புக்காக ஓடுகிறாள் என்று ஒருவருக்கும் தோன்றாது. ஆம்பிளைகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. போலீஸ் வேலைக்குத் தயாராகும் பையன்கள் இருட்டோடு எழுந்து ஓடுகிறார்கள். பெரியவர்கள் டீ குடிக்கப் போய்வருவதையே வாக்கிங் என்று சொல்லிக்கொள்கிறார்கள், யாரும் மறுப்பதில்லை.

நான் தாலுகா ஆபீசை நம்பிப் பிழைக்கிற ஜெராக்ஸ் கடைக்காரி. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று என்று ஊரார் மனுக்களை டைப் அடித்துக் கொடுக்கிறேன். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயந்திரம்வரை எழுந்திருப்பது தண்ணீர் குடிக்கவும் மிஷினில் பேப்பர் போடவும்தான். இந்த உட்கார்ந்த வேலையின் பலன் என் வயிற்றில் பாப்பா இருந்தபோதே தெரிந்துவிட்டது. கர்ப்பிணிகளுக்குச் செய்கிற அந்தச் சர்க்கரைச் சோதனையில் அகப்பட்டேன். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லி, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிறோ சாப்பிட்ட வயிறோ, வந்த நேரத்தில் செய்துவிடலாம் என்பதுதான் இந்த முறையின் அழகு. பஸ் பிடித்து வருகிற கிராமத்துப் பெண்ணை நாளைக்குப் பட்டினியோடு வா என்று திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. இப்படி யோசித்தவர் சென்னை டாக்டர் வி. சேஷய்யா. அவர் பிறந்த மார்ச் 10-ஐத்தான் இந்தியாவில் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். 2007-லேயே தமிழ்நாடு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனையைக் கொண்டுவந்துவிட்டது.

பிரசவமானதும் சர்க்கரை இறங்கிவிட்டது. அதோடு விட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். நர்ஸம்மா அப்படி நினைக்கவில்லை. "போயிட்டு திரும்பி வர்ற விருந்தாளிம்மா அது. தெனம் அரை மணி நேரம் நட, வாரத்துக்கு அஞ்சு நாளு" என்றார். அவர் சொன்னதில் மிகையில்லை. 13 லட்சம் பெண்களின் விவரங்களைத் திரட்டி 2020-ல் வந்த ஓர் ஆய்வு, கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை வரும் அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ 10 மடங்கு என்கிறது.

அரை மணி நேர நடை. செலவில்லாத மருந்து. அதை எங்கே போய்ச் சாப்பிடுவது? அரசாங்கம் 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு மாவட்டம் 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவித்தது. நல்ல திட்டம்தான். ஆனால் கடலூர் மாவட்டத்தின் மேற்கு மூலையில், ஆற்றைத் தாண்டினால் பெரம்பலூர் மாவட்டத்து அகரம்சீகூர் என்று இருக்கிற எங்கள் வாசலுக்கு அந்தப் பாதை வருமா? பாதை இல்லாததுதான் காரணம் என்று நானும் கொஞ்ச காலம் சொல்லிக்கொண்டேன். அது பொய். வீட்டுக்கு முன்னால் ரோடு இருந்தது. எனக்குக் கூச்சம். எங்க கெளம்பிட்ட என்று எதிர்வீட்டு ஆயா கேட்டால் சொல்ல ஒரு பதில் வேண்டும். "சும்மா நடக்கப் போறேன்" என்பது எங்கள் தெருவில் பதில் ஆகாது. சர்க்கரைக்குப் பயந்ததைவிட அந்தக் கேள்விக்குத்தான் அதிகம் பயந்தேன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு வருஷங்கள் ஆயின.

என் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் காலத்துப் பெண்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். கோயில். ஊர் நடுவில் வைத்தியநாத சுவாமி இருக்கிறார், பெயரே மருத்துவர். பிரகாரத்தை எத்தனை சுற்று சுற்றினாலும் யாரும் எதற்கென்று கேட்பதில்லை, புண்ணியக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். பிள்ளையாரை 108 சுற்றுவதாக வேண்டிக்கொண்டவர்களில் பாதிப் பேர் வீட்டைவிட்டு ஒரு மணி நேரம் வெளியே இருப்பதற்காகத்தான் வேண்டிக்கொண்டார்களோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. அத்தையிடம் கேட்டேன். சிரித்தாரே தவிர இல்லை என்று சொல்லவில்லை.

எனக்குக் கோயிலும் தோதுப்படவில்லை. அவர்கள் போகிற நேரத்தில் எனக்குக் கடை. எனக்குக் கிடைத்த வழி என் மகள்.

பாப்பாவுக்கு அப்போது மூன்று முடிந்திருந்தது. ஒரு நாள் விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால் செருப்பை மாட்டினேன். "எங்கம்மா கெளம்புற?" என்றார் அத்தை. "பாப்பாவ செத்த காத்தாடக் கூட்டிட்டுப் போறேன் அத்தை." உடனே முகம் மாறியது. "போயிட்டு வா, புள்ளைக்குத் தண்ணி எடுத்துக்க." அவ்வளவுதான். தெருமுனையில் கேட்டவர்களுக்கும் அதே பதில், அதே திருப்தி. பாப்பா முன்னால் ஓட, "ஏய் நில்லுடி" என்று கத்திக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். ரோடே பார்த்தது. ஒருவர் முகத்திலும் கேள்வி இல்லை. ஒரு பெண் ஓடுகிறாள் என்று யாரும் பார்க்கவில்லை, ஒரு அம்மா பிள்ளையைத் துரத்துகிறாள் என்றுதான் பார்த்தார்கள்.

என் தொழிலில் ஒரு விஷயம் தெரியும். மனு எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், கீழே 'இணைப்பு' என்று போட்டு ஒரு நகல் சேர்க்காவிட்டால் மேசையைவிட்டு நகராது. என் நடைக்கும் அப்படித்தான். இணைப்பு: குழந்தை ஒன்று.

இணைப்புக்குக் காலும் வாயும் இருந்ததுதான் சிக்கல். எனக்கு வேண்டியது நிற்காத அரை மணி நேரம். அவளோ ஒரு ஓட்டம் ஓடுவாள், உட்கார்ந்து எறும்பு பார்ப்பாள், எழுந்து ஆட்டுக்குட்டியைத் துரத்துவாள், பிறகு "தூக்கு" என்று கை நீட்டுவாள். கையைப் பிடித்து வேகமாக நடத்திப் பார்த்தேன். அதைக் கண்ட அதே நர்ஸம்மா ரோட்டிலேயே நிறுத்திவிட்டார். "கையப் புடிச்சு வெடுக்குன்னு இழுக்காதம்மா, முழங்கை மூட்டு நழுவிடும். அஞ்சு வயசு வரைக்கும் அந்த நாரு இறுகியிருக்காது." தாய் தகப்பன் இரண்டு பக்கமும் பிடித்து ஊஞ்சலாட்டுகிறோமே, அதிலும் இது நடக்குமாம். மருத்துவர் ஒரு திருப்புத் திருப்பினால் சரியாகிவிடும். ஆனால் அதுவரை பிள்ளை கையைத் தூக்காமல் அழும். அதற்குப் பிறகு நான் கையைப் பிடிப்பதை விட்டு விரலை நீட்டினேன். பிடிப்பதா விடுவதா என்பது அவள் பாடு.

அவள் இஷ்டத்துக்கு விட்ட பிறகுதான் அவள் எப்படி ஓடுகிறாள் என்று கவனித்தேன். எங்களைப் போல ஒரே சீராக எதையும் செய்வதில்லை. பாய்ச்சல், நிறுத்தம், மறுபடி பாய்ச்சல். இது சோம்பலோ அடமோ இல்லை, பிள்ளைகளின் இயல்பே அப்படித்தான் என்று பிறகு படித்தேன். 1995-ல் அமெரிக்காவில் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளை நொடிநொடியாகப் பார்த்துக் குறித்திருக்கிறார்கள். மூச்சிரைக்கும் வேகத்தில் அவர்கள் ஒரு தடவை இயங்குவது பெரும்பாலும் 3 நொடிதான். 100-க்கு 95 பாய்ச்சல்கள் 15 நொடியைத் தாண்டவில்லை. 10 நிமிடம் தொடர்ந்து மூச்சிரைக்க உழைத்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. ஆனால் இந்தத் துண்டு துண்டான ஓட்டம் பொழுது முழுக்க ஓய்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன கணக்குப்படி 3, 4 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 180 நிமிட இயக்கம் வேண்டும், அதில் 60 நிமிடமாவது நன்றாக மூச்சு வாங்க வேண்டும். பெரியவர்களுக்கு வாரத்துக்கே 150 நிமிடம் போதும் என்கிறார்கள். அதாவது என் ஒரு வாரப் பாடத்தை அவள் ஒரே நாளில் முடித்துவிட்டு மேற்கொண்டும் ஓட வேண்டியவள். நான்தான் அவளை என் அரை மணி நேரத்துக்குள் அடக்கப் பார்த்தேன்.

பிள்ளைகள் ஏன் சீக்கிரம் களைப்பதில்லை என்பதற்கும் ஒரு விளக்கம் கிடைத்தது. பிரான்சிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்த ஆய்வாளர்கள் 2018-ல் 8 முதல் 12 வயதுப் பையன்களையும், பயிற்சி இல்லாத பெரியவர்களையும், தேசிய அளவில் நெடுந்தூரப் போட்டிகளில் இறங்கும் வீரர்களையும் சைக்கிள் மிதிக்கவைத்துப் பார்த்தார்கள். தசை களைப்பதில் பையன்கள் வீரர்களுக்குச் சமமாக இருந்தார்கள். மிதித்து முடித்தபின் தேறி எழுந்ததில் வீரர்களையும் முந்தினார்கள். என்னைப் போன்ற நாற்காலிக்காரர்கள் எந்த இடம் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே நான் என் முறையை விட்டு அவள் முறைக்குப் போனேன். வெள்ளாற்றுக்கு இறங்கினோம். ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் ஓடும் நாட்களில் கிட்டே போகக்கூடாது. மற்ற மாதங்களில் பெரும்பாலும் மணலும் கருவேல முள்ளும்தான். முள் இல்லாத மணல்திட்டு ஒன்று எங்களுக்கு அமைந்தது. மணலில் நடப்பது கெட்டித் தரையில் நடப்பதைப்போல 2 மடங்குக்கு மேல் சக்தி வாங்கும் என்று பெல்ஜியத்துக்காரர்கள் 1998-லேயே அளந்து சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அளவுகோல் தேவைப்படவில்லை. கெண்டைக்கால் சொன்னது.

அங்கே எங்கள் பயிற்சிகளுக்கெல்லாம் எனக்கு முன்பே பெயர் இருந்தது. உப்பு மூட்டை: அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு நடப்பது. அதிலேயே பாதி உட்கார்ந்து எழுந்தால் தொடை எரியும். குனிந்து தூக்காமல் முழங்காலை மடக்கி இறங்கி ஏற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பு கேள்வி கேட்கும். பதினைந்து கிலோ மூட்டை, கழுத்தை நெரித்துக்கொண்டு காதில் கதை சொல்லும் மூட்டை. பச்சைக்குதிரை: நான் குனிவேன், அவள் தாண்ட மாட்டாள், மேலே ஏறி உட்கார்ந்துகொள்வாள். நொண்டி: மணலில் குச்சியால் கோடு கிழித்துப் பாண்டிக் கட்டம் போடுவோம். ஒற்றைக்காலில் நிற்பது எனக்கு எவ்வளவு மறந்துபோயிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் விழுந்தால் சிரித்தாள். நான் விழுந்தால் இன்னும் பலமாகச் சிரித்தாள். தவளைத் தாவல், யானை நடை எல்லாம் அவள் வைத்த பெயர்கள். யானை நடையில் கையும் காலும் ஊன்றி, முட்டி மடக்காமல் போக வேண்டும். யூடியூபில் இதற்கு மேட் வாங்கச் சொல்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை மனப்பாடம் செய்த ஞாபகம் அங்கேதான் வந்தது. செங்கீரைப் பருவம் ஐந்தாம் மாதம். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கைகளையும் ஊன்றித் தலையைத் தூக்கிக் குழந்தை ஆடுவது. சப்பாணி கை கொட்டுவது. பிறகு வருகை, தளர்நடை நடந்து வருவது. கடைசியில் சிறுபறை கொட்டுவதும் சிறுதேர் உருட்டுவதும். பெண்பிள்ளையானால் அம்மானை, கழங்கு, ஊசல். குமரகுருபரரெல்லாம் மீனாட்சிக்கே பாடியிருக்கிறார். பரீட்சைக்காகப் படித்தபோது அலங்காரமாகத் தெரிந்த வரிசை, வேறொன்றுமில்லை, பிள்ளையின் உடம்பு எந்தெந்த மாதத்தில் எதைச் செய்யும் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் வைத்த கணக்கு. பாட்டிலேயே தாய் 'ஆடு', 'கொட்டு', 'வா' என்று கேட்டுக்கொண்டேதான் இருக்கிறாள். உட்கார், ஆடாதே என்று சொல்கிற பருவம் அந்தப் பத்தில் இல்லை. அதை நாம் பிறகு சேர்த்துக்கொண்டோம்.

சேர்த்துக்கொண்டோம் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். தை பிறந்து மக்காச்சோளம் ரோட்டில் காயப்போட்டிருந்த நாட்கள். பாப்பா ஒரு குவியலைத் தாண்டிக் குதித்து, கால் விரித்து விழுந்து, சிரித்துக்கொண்டே எழுந்தாள். வீட்டுக்கு வந்து அதைச் செய்து காட்டியபோது அத்தை சொன்னார். "இப்ப குதிக்கட்டும். பள்ளிக்கூடம் போயிட்டா அடக்கி வெக்கணும், பொட்டப்புள்ள." கெட்ட மனதோடு சொல்லவில்லை. அவருக்குச் சொல்லப்பட்டதைச் சொன்னார். எனக்கும் சொல்லப்பட்டதுதான். எட்டாவது வரைக்கும் நான் ரிலே ஓடியவள். வயதுக்கு வந்ததும் யாரும் தடை போடவில்லை. ஒரு பாவாடை தாவணியும் நாலு கண்டிப்பான பார்வைகளும் போதுமானதாக இருந்தன.

இந்தியாவில் பெரியவர்களில் பாதிப் பேருக்கு வேண்டிய உடலுழைப்பு இல்லை என்று 2024-ல் லான்செட் குழுமத்து இதழில் ஒரு கணக்கு வந்தது. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். நடுவில் இருக்கிற அந்த 15-க்குள் என் தாவணியும் இருக்கும் என்று நினைக்கிறேன். அத்தையிடம் அன்று நான் எதுவும் பேசவில்லை. ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோது நெஞ்சில் தைத்தது வேறு. எனக்கு வெளியே போக இவள் கிடைத்தாள். நாளைக்கு இவள் ஓட வேண்டுமானால் யாரைக் காட்டுவாள்? ஒரு பிள்ளை பெறும்வரை காத்திருக்க வேண்டுமா? அம்மா என்பவள் தன்னால் ஓடுவதில்லை, என்னைத் துரத்தத்தான் ஓடுவாள் என்றுதானே தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பாப்பாவுக்குச் சளி பிடித்திருந்த ஒரு காலையில் தனியாகக் கிளம்பினேன். வீரமெல்லாம் ஒன்றும் இல்லை. தெருமுனை வருவதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். கையில் ஒரு பை எடுத்து வந்திருந்தால் கடைக்குப் போவதுபோல இருந்திருக்குமே என்றும் நினைத்தேன். டீக்கடை அண்ணன் பாய்லருக்கு மேலாகப் பார்த்து, "பாப்பா எங்கம்மா?" என்றார்.

"தூங்குதுண்ணே."

"அப்ப நீ எங்க போற?"

"நடக்கப் போறேன்."

அவர் கொஞ்ச நேரம் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு டீ ஆற்றினார். மறுநாளும் கேட்டார். அப்புறமும் சில நாள். ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிட்டு, "கரும்பு டிராக்டர் வருது, ஓரமா போம்மா" என்று சொல்ல ஆரம்பித்தார். நான் பயந்ததெல்லாம் இவ்வளவுதானா என்று சொல்ல மாட்டேன். முதுகுக்குப் பின்னால் பேசியவர்கள் இருந்தார்கள். தனியாப் போற அளவுக்கு வீட்டுல என்ன பிரச்சினையோ என்று என் நாத்தனாரிடமே விசாரித்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் அதைக் கேட்டு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். என் சர்க்கரை ரிப்போர்ட்டை அவர் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். மூன்றாம் நாள் ஷூ வாங்கித் தந்தார், ஒரு சைஸ் பெரிதாக.

இப்போது காலை நடை என்னுடையது, சாயந்திர மணல் எங்கள் இருவருடையது. அவள் பள்ளிக்கூடம் போகிறாள். என்னை ஓடிப் பிடிக்கச் சொல்லி முன்னால் ஓடுகிறாள். இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. வெயில் காலத்தில் ஆறரைக்கு முன்னால் மணல் ஆறுவதில்லை. அந்த நாட்களில் வீட்டு மாடியில் உப்பு மூட்டை. அத்தையும் மாடிக்கு வந்து பிள்ளையார் கணக்கில் தோப்புக்கரணம் போடுகிறார். எண்ணிக்கை சொல்வது பாப்பாவின் வேலை. ஏழுக்குப் பிறகு ஒன்பது என்று சொல்லி ஆயாவுக்குச் சலுகை தருகிறாள்.

போன வாரம் கடைக்கு எங்கள் தெருக் கடைசி வீட்டுப் பெண் வந்தாள். ரேஷன் கார்டு நகல் எடுக்க. கல்யாணமாகி வந்து இரண்டு வருஷம் இருக்கும், பிள்ளை இன்னும் இல்லை. காசு கொடுத்துவிட்டும் போகாமல் நின்றாள்.

"அக்கா, காலைல நானும் உங்ககூட வரட்டா?"

"வாயேன்."

"உங்ககூடத்தான் போறேன்னு வீட்டுல சொன்னா வுட்டுடுவாங்க. தனியான்னா வுட மாட்டாங்க. உங்க பேரச் சொல்லிக்கட்டா?"

நான் நகலை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"சொல்லிக்க. அஞ்சரைக்கு வந்துடு. புடவை வேணாம், சுடிதார் போட்டுக்க."